மறுக்கப்பட்ட மூன்று குவெரிகள்: யாழ்ப்பாணத்து ஆய்வுகூடம் ஒன்றில் நடந்த தரவுத் திருட்டு

யாழ் நகரில் ஒரு தனியார் மருத்துவ ஆய்வுகூடம். சுன்னாகத்திலும் சாவகச்சேரியிலும் பருத்தித்துறையிலும் இரத்த மாதிரி எடுக்கும் கிளைகள் உண்டு. பில்லில் உள்ள இலக்கத்தையும் தன் போன் இலக்கத்தையும் கொடுத்தால் நோயாளி ரிப்போட்டை ஒன்லைனில் பார்க்கலாம். அந்தத் தளத்தையும் பில்லிங்கையும் தாங்கும் டேட்டாபேஸ் சேவரின் லொக்குகளை, அதாவது அதில் நடப்பவற்றின் பதிவுகளை, கவனிப்பது எங்கள் சிறிய குழுவின் வேலை. ஒரு இரவு அந்தச் சேவரில் இருந்து 3,000 நோயாளிகளின் பெயர், முகவரி, போன், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் வெளியே போயின. பரிசோதனை முடிவுகள் மட்டும் போகவில்லை. முன்னது ஏன் போனது, பின்னது ஏன் தப்பியது, லொக்கில் எது தெரிந்தது, எது தெரியவில்லை என்பதை ஆய்வுகூடத்தின் சம்மதத்தோடு, பெயர் குறிப்பிடாமல் எழுதுகிறேன்.

முதலே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதில் எஸ்கியூஎல் இன்ஜெக்ஷன், அதாவது தளத்தின் படிவங்கள் வழியாக டேட்டாபேஸ் கட்டளைகளைத் திணிக்கும் தந்திரம், இல்லை. டேட்டாபேஸ் தாக்குதல் என்றதும் எல்லோரும் 1998 இலிருந்து எழுதப்பட்டு வரும் அந்த வித்தையைத்தான் நினைக்கிறார்கள், லொக் கண்காணிப்பு என்றால் ‘யூனியன் செலக்ட்’, ‘ஸ்லீப்’ போன்ற சொற்களைத் தேடுவது என்று நம்புகிறார்கள். அன்றிரவு தரவை எடுத்துப்போன குவெரிகள், அதாவது டேட்டாபேஸிடம் கேட்ட கேள்விகள், ஒவ்வொன்றும் இலக்கணச் சுத்தமானவை, உண்மையான பயனர் கணக்கில், சரியான பாஸ்வேர்டோடு ஓடியவை. சொல்லைத் தேடியிருந்தால் ஒன்றுமே அகப்பட்டிருக்காது. யார், எங்கிருந்து, எதை வழக்கமாகக் கேட்பார் என்று தெரிந்திருந்ததால்தான் அகப்பட்டது.

சேவர் சிங்கப்பூரில் உள்ள ஒரு விபிஎஸ், வாடகைக்கு எடுத்த மெய்நிகர் கணினி. இயங்குதளம் உபுண்டு, பக்கங்களைக் கொடுப்பது என்ஜின்எக்ஸ், தளத்தின் நிரல்மொழி பிஎச்பி, டேட்டாபேஸ் மரியாடிபி. டேட்டாபேஸில் நான்கு பயனர் கணக்குகள்: தளத்துக்கு ஒன்று, பில்லிங் மென்பொருளுக்கு ஒன்று, இரவு பேக்கப்புக்கு ஒன்று, கணக்காளர் எக்செலில் இருந்து மாத வரவைப் பார்க்க ஒன்று. கடைசியை இனி எக்செல் கணக்கு என்றே சொல்கிறேன். டேட்டாபேஸின் வெளி வாசலான 3306 போர்ட் ஆய்வுகூடத்தின் ஐபிக்கு, அதாவது அதன் இணைய முகவரிக்கு, மட்டும்தான் திறந்திருந்தது. ஒவ்வொரு குவெரியையும் பதிவு செய்ய மரியாடிபியோடு இலவசமாக வரும் ஓடிட் பிளகினை இயக்கி, அதன் லொக்கை ஆர்சிஸ்லொக் என்ற அனுப்பும் கருவி வழியாக உடனுக்குடன் வேறொரு மெசினுக்கு அனுப்பி, அங்கே வாஸூ என்ற கண்காணிப்பு மென்பொருளை வைத்துப் படித்துக்கொண்டிருந்தோம். லொக் அதே சேவரிலேயே இருந்தால் உள்ளே வந்தவர் அதையும் அழித்துவிட்டுப் போகலாம், ஆகவே இந்த வேறு மெசின் விஷயத்தில் சமரசம் செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஓடிட் லொக்கின் ஒரு வரியில் நேரம், பயனர், எங்கிருந்து வந்தார், இணைப்பு எண், என்ன செயல், எந்த டேட்டாபேஸ், குவெரியின் வாசகம், கடைசியில் ஒரு முடிவு எண் இருக்கும். சரியாக ஓடினால் அந்த எண் 0. இல்லாவிட்டால் பிழையின் இலக்கம் வரும், 1064 என்றால் இலக்கணப் பிழை, 1045 என்றால் பாஸ்வேர்ட் பிழை, 1142 என்றால் அந்த அட்டவணையில் கை வைக்க உனக்கு உரிமை இல்லை, 1222 என்றால் இரண்டு குவெரிகளின் விடைகளை ஒன்றாக்கும் யூனியன் கட்டளையின் இரண்டு பக்கமும் நிரல் (கொலம்) எண்ணிக்கை பொருந்தவில்லை. இந்தக் கடைசி எண்ணைப் பலர் பார்ப்பதே இல்லை. நன்றாக எழுதப்பட்டு, சோதிக்கப்பட்டு, நாளாந்தம் ஓடும் ஒரு மென்பொருள் 1064 உம் 1222 உம் தருவதற்குக் காரணமே கிடையாது. வந்தால் யாரோ கையால் தட்டிப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

சரி, வழக்கம் என்று எதைச் சொல்கிறோம்? குவெரியில் உள்ள பெயர்களையும் எண்களையும் எடுத்துவிட்டு அந்த இடங்களில் கேள்விக்குறி போட்டால் அதன் வார்ப்பு மட்டும் மிஞ்சும். தளம் நாள் முழுக்க ஆயிரக்கணக்கான குவெரிகள் அனுப்பினாலும் வார்ப்புகள் சில பத்துக்கு மேல் இல்லை. பில்லிங் கணக்கு விடிய ஆறரைக்குத் தொடங்கும், வெறும் வயிற்றோடு சீனி பார்க்க வருபவர்களால் ஏழிலிருந்து ஒன்பது மணி வரை உச்சம். பேக்கப் கணக்கு நள்ளிரவு தாண்டி ஒருமுறை எல்லா அட்டவணையையும் முழுதாக வாசிக்கும், ஆனால் பேக்கப் எடுக்கும் கருவியான மைஎஸ்கியூஎல்டம்ப் தன் செலக்ட்டுக்குள் (வாசிக்கும் கட்டளைக்குள்) 40001 என்ற எண்ணோடு ஒரு குறிப்பைச் செருகுவதால் அதை இனங்காண்பது சுலபம். எக்செல் கணக்கு மாதக் கடைசியில், பகலில், ஆய்வுகூடத்தின் ஐபியிலிருந்து மட்டும். இப்படி ஒவ்வொரு கணக்குக்கும் எந்த வார்ப்பு, எங்கிருந்து என்று ஒரு பட்டியல் எடுத்து வைத்திருந்தோம்.

இந்தப் பட்டியல் வேலையைத் தொடங்கியதே, பொதுவாகக் கிடைக்கும் விதிகள் யாழ்ப்பாணத்துக்குப் பொருந்தாமல் போனதால்தான். ஒற்றை மேற்கோள் குறி வந்தால் எச்சரி என்று ஒரு விதி எல்லா இடத்திலும் இருக்கும். இங்கே ஆங்கிலத்தில் எழுதும் முகவரிகளில் சென் பற்றிக்ஸ், சென் ஜோன்ஸ் என்று கல்லூரிப் பெயரும் வீதிப் பெயரும் வந்துகொண்டே இருக்கும், ஒவ்வொன்றிலும் அந்தக் குறி உண்டு. ‘யூனியன்’ என்ற சொல்லுக்கு ஒரு விதி போட்டால் தெல்லிப்பழை யூனியன் கல்லூரியைத் தங்கள் முகவரிக்கு அடையாளமாகச் சொன்ன அத்தனை பேரும் மாட்டுகிறார்கள். நள்ளிரவில் வெளிநாட்டு ஐபி வந்தால் தடு என்பது இன்னொரு விதி. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் இருக்கும் பிள்ளைகள் அம்மாவின் கிரியேட்டினினைத் தங்கள் நேரத்துக்குத்தான் பார்ப்பார்கள், இங்கே இரவு இரண்டு மணிக்குத் தளத்தில் ஆள் இருப்பது சந்தேகத்துக்குரிய விஷயமே அல்ல. அளவை வைத்து விதி போடவும் முடியாது, மாரியோடு டெங்கு வந்தால் பிளேட்லெட் எண்ணிக்கையை வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் மாறி மாறித் திறந்து பார்ப்பார்கள், தளத்தின் வேலை அந்த மாதங்களில் பல மடங்காகும். இப்படி நாளெல்லாம் பொய் எச்சரிக்கை வந்தால் போனைப் பார்ப்பதையே ஆக்கள் விட்டுவிடுவார்கள்.

இனி அந்த இரவு. நேரங்களை எல்லாம் இலங்கை நேரத்தில் தருகிறேன்.

23:52 க்கு ஒரு ஐபி தளத்தைத் துழாவத் தொடங்கியது. பேக்கப் சிப் இருக்கிறதா, பாஸ்வேர்டுகள் வைக்கும் டொட் என்வ் கோப்பு இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டு, வரிசையாக 404, அதாவது இல்லை என்ற பதில், வாங்கியது. இணையத்தில் இருக்கும் எந்தச் சேவருக்கும் தினமும் நடப்பதுதான். நடுவில் இரண்டு கோரிக்கைகளுக்கு மட்டும் 200, அதாவது இருக்கிறது என்ற பதில். ஒன்று கொன்பிக் (அமைப்பு விபரக்) கோப்பின் பழைய பிரதி, பெயரின் கடைசியில் ‘பேக்’ என்று சேர்த்து யாரோ வைத்தது. பிஎச்பி என்று முடிந்தால்தான் என்ஜின்எக்ஸ் அதை இயக்கும், ‘பேக்’ என்று முடிந்தால் வெறும் எழுத்தாக அப்படியே கொடுத்துவிடும். மாத அறிக்கையைத் தளத்திலேயே காட்டலாமா என்று முன்பொருமுறை யாரோ முயன்றபோது எழுதிய கோப்பு, உள்ளே எக்செல் கணக்கின் பாஸ்வேர்ட் இருந்தது. மற்றது அட்மினர், டேட்டாபேஸைப் பிரவுசரில் பார்க்க உதவும் ஒற்றைக் கோப்பு. நல்ல கருவிதான், வேலை முடிந்ததும் சேவரில் இருந்து எடுத்திருக்க வேண்டும். 3306 ஐப் பூட்டி வைத்ததில் பயன் இல்லாமல் போனது இதனால்தான்: அட்மினர் சேவருக்கு உள்ளேயே இருந்து டேட்டாபேஸோடு கதைக்கும்.

02:11 க்கு எக்செல் கணக்கு உள்நுழைந்தது. எங்கிருந்து என்ற இடத்தில் ஆய்வுகூடத்தின் ஐபி இல்லை, ‘லோக்கல்ஹோஸ்ட்’, அதாவது அதே சேவர், என்று இருந்தது. கணக்காளர் வீட்டிலிருந்தும் வேலை செய்ய வேண்டும் என்று ஒரு காலத்தில் அந்தக் கணக்கை எந்த இடத்துக்கும் திறந்து விட்டிருந்தார்கள், போர்ட்டைப் பிறகு பூட்டியபோது கணக்கின் உரிமையைக் குறுக்கவில்லை. எங்கள் பட்டியலில் இல்லாத ஜோடி, ஆகவே சிறிய எச்சரிக்கை ஒன்று பதிவானது, போனுக்கு வரும் அளவுக்கு அதன் நிலை உயர்வாக இருக்கவில்லை. 02:12 க்கு டேட்டாபேஸின் உள்ளடக்கப் பட்டியலான இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவிடம் ஒரு கேள்வி: எந்த அட்டவணையில் ‘என்ஐசி’ (அடையாள அட்டை) அல்லது ‘போன்’ என்ற எழுத்துகள் உள்ள நிரல் இருக்கிறது? எதைத் தேடி வந்தார் என்பது அந்த ஒரு வரியிலேயே எழுதியிருக்கிறது.

02:14 க்கு அவர் கையால் மூன்று குவெரிகள் எழுதினார். ‘ரிசல்ட்ஸ்’, ‘டெஸ்ட் ரிசல்ட்ஸ்’, ‘ரிப்போட்ஸ்’ என்று மூன்று அட்டவணைப் பெயர்களை ஊகித்து ஒவ்வொன்றிலும் எல்லாவற்றையும் கேட்டார். மூன்றுக்கும் 1142. எக்செல் கணக்குக்கு பில்கள் அட்டவணையையும் நோயாளிகள் அட்டவணையையும் தவிர வேறெதிலும் உரிமை இல்லை. உரிமை இல்லாதவருக்கு அப்படியொரு அட்டவணை இருக்கிறதா இல்லையா என்பதைக்கூட டேட்டாபேஸ் சொல்லாது, எதைக் கேட்டாலும் அதே 1142 தான். ஒரே இணைப்பாக இல்லாவிட்டாலும் ஒரே கணக்கில் இருந்து ஒரு நிமிடத்துக்குள் 1142 ஒன்றுக்கு மேல் வந்தால் போன் அடிக்கும் நிலையான 12 என்று விதி போட்டிருந்தோம். போன் அடித்தது.

என் பார்வையில் இந்தச் சம்பவம் முழுவதிலும் முக்கியமான இடம் இதுதான். எக்செல் கணக்குக்கு எல்லா உரிமையும் கொடுத்திருந்தால் மூன்று குவெரிகளில் ஒன்று சரியாக ஓடியிருக்கும், முடிவு எண் 0 என்று விழுந்திருக்கும், பரிசோதனை முடிவுகள் போயிருக்கும், எச்சரிக்கையும் வந்திருக்காது. உரிமையைக் குறுக்குவதைத் திருடனைத் தடுக்கும் வேலையாக மட்டும் பார்க்கிறோம். லொக்குக்கு வாய் கொடுக்கும் வேலையும் அதுதான். மறுப்பதற்கு ஒன்றும் இல்லாத கணக்கில் சந்தேகத்தைக் கண்டுபிடிக்க மிகக் குறைந்த தடயமே மிஞ்சும்.

எச்சரிக்கை வந்தும் கணக்கைப் பூட்ட 02:31 ஆனது. அன்று பொறுப்பில் இருந்த தம்பி விழித்துத்தான் இருந்தார். சேவரின் கடிகாரம் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடியதால் செய்தியில் 20:44 என்று இருந்தது, இரவு ஒன்பதுக்கு முன் நடந்த ஏதோ ஒன்று பிந்தி வந்திருக்கிறது, கணக்காளர் வேலையாக இருந்திருப்பார் என்று எவருக்கும் தோன்றும். ஐந்தரை மணித்தியால வித்தியாசம் பிடிபட்டு, அவர் நேரடி லொக்கைத் திறந்தபோது பக்கங்கள் ஓடிக்கொண்டிருந்தன. எக்செல் கணக்கைப் பூட்டினார். அட்மினர் ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிதாக இணைவதால் அதோடு எல்லாம் நின்றது. நிரந்தரமாகத் திறந்திருக்கும் இணைப்பாக இருந்தால் கணக்கைப் பூட்டினால் மட்டும் போதாது, ஓடும் இணைப்பையும் தனியாகக் கொல்ல வேண்டும்.

விடிந்ததும் கணக்காளரிடம் கேட்டோம். “அக்கா, ராத்திரி எக்செலில ஏதும் எடுத்தனீங்களோ?”

“இல்லைத் தம்பி. மாதம் முடிய இன்னும் பத்து நாள் கிடக்கு, நான் ஏன் இப்ப எடுக்கிறன்?”

அதற்கு மேல் சந்தேகம் இருக்கவில்லை. எவ்வளவு போனது என்பதுதான் கேள்வி, அதற்கு ஓடிட் லொக்கில் பதில் இல்லை. குவெரி ஓடியது என்று சொல்லும், எத்தனை வரிகள் திரும்பிப் போயின என்று சொல்லாது. மெதுவான குவெரி லொக்கில் வரிகளின் எண்ணிக்கை இருக்கும், ஆனால் அதன் இயல்பான எல்லை 10 செக்கன், 50 வரிகளை எடுக்கும் குவெரி கண் இமைக்கும் முன் முடிந்துவிடுவதால் அங்கே ஒன்றுமே பதிவாகவில்லை. கைகொடுத்தது தளத்துக்கு வரும் கோரிக்கைகளைப் பதியும் என்ஜின்எக்ஸின் சாதாரண அக்சஸ் லொக். அட்மினரில் அட்டவணையைப் புரட்டும்போது அட்டவணைப் பெயரும் பக்க எண்ணும் முகவரியிலேயே வரும், பக்கம் ஒன்றுக்கு 50 வரிகள் என்பது அதன் இயல்பான அளவு. ஓடிட் லொக்கில் உள்ள லிமிட்டோடு (எத்தனை வரிகள் வேண்டும் என்று குவெரி சொல்லும் எண்ணோடு) ஒவ்வொரு கோரிக்கையையும் பொருத்திப் பார்த்தோம்.

02:17 இலிருந்து 02:26 வரை 19 பக்கங்கள், ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் இருபது செக்கன், நாற்பது செக்கன் என்று ஒழுங்கில்லாத இடைவெளி. ஆள் இருந்து வாசித்திருக்கிறார். 02:28 இலிருந்து எல்லாம் மாறியது: சரியாக மூன்று செக்கனுக்கு ஒரு பக்கம், பிரவுசரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பைதன் நூலகம் ஒன்றின் பெயர். அந்த ஸ்கிரிப்ட் விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை, முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கி 60 பக்கங்கள் எடுத்தது. வெறுமனே கூட்டினால் 79 பக்கம், 3,950 வரிகள் என்று வரும். முதல் 19 பக்கங்கள் இரண்டு முறை போனவை என்பதால் உண்மையான எண்ணிக்கை 3,000 வரிகள். இதில் அக்கறை எடுத்ததற்குக் காரணம் உண்டு. யாருக்கு அறிவிக்க வேண்டும் என்பது இந்த எண்ணில்தான் தங்கியிருக்கிறது, பாதிக்கப்படாத ஆயிரம் பேரைப் பயமுறுத்துவதும் பிழை, பாதிக்கப்பட்ட ஒருவரை விடுவதும் பிழை.

சிறிய சிறிய கடியாக எடுப்பது புதிய உத்தி அல்ல. 2017 இல் அமெரிக்காவின் கடன் தகவல் நிறுவனமான எக்விஃபாக்ஸில் நடந்ததைப் பற்றிக் காங்கிரஸ் குழு ஒன்று 2018 இல் வெளியிட்ட அறிக்கை, ஊடுருவியவர்கள் சுமார் 9,000 குவெரிகள் ஓட்டினார்கள், அவற்றில் 265 தனிநபர் தரவைக் கொடுத்தன, 76 நாட்கள் யாருக்கும் தெரியவில்லை என்கிறது. போக்குவரத்தைப் பரிசோதிக்கும் கருவியின் சான்றிதழ் காலாவதியாகிக் கிடந்தது, புதுப்பித்தவுடனேயே சந்தேகமான போக்குவரத்து கண்ணில் பட்டது. அங்கே 9,000 இல் பெரும்பகுதி வெறுங்கையோடு திரும்பியது என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். உள்ளே புதிதாக வந்தவருக்கு வீடு தெரியாது, தட்டித் தடவித்தான் நடப்பார், அந்தச் சத்தம் எங்கோ பதிவாகிக்கொண்டுதான் இருக்கும்.

அதன் பிறகு செய்தவற்றில் பெரும்பாலானவை யாருக்கும் தெரிந்தவைதான். பழைய கொன்பிக்கும் அட்மினரும் போயின, நான்கு பாஸ்வேர்டுகளும் மாறின, எக்செல் கணக்கு ஒரே ஐபிக்குக் குறுகியது. கணக்காளருக்குத் திகதியும் கிளையும் தொகையும் போதும், அடையாள அட்டை இலக்கம் எதற்கு? நோயாளிகள் அட்டவணைக்குப் பதில் அந்த மூன்றும் மட்டும் தெரியும் ஒரு வியூவை, அதாவது வடிகட்டிய அட்டவணையை, கொடுத்தோம். அடையாள அட்டை இலக்கம் சும்மா ஒரு எண் அல்ல, பிறந்த ஆண்டும், ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும், பெண்ணுக்கு அதில் 500 கூட்டியிருப்பதால் ஆணா பெண்ணா என்பதும் அதிலேயே இருக்கிறது.

கண்காணிப்பில் செய்த மாற்றங்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியவை. புதிய கணக்கு–இட ஜோடிக்கு இப்போது 12. ஒரு கணக்கின் பட்டியலில் இல்லாத வார்ப்பு, அதிலும் எத்தனையாவது வரியிலிருந்து என்று சொல்லும் ஓஃப்செட் எண் ஏறிக்கொண்டே போனால் 12. இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவைத் தொட்டாலே எச்சரி என்று வைக்க ஆசையாக இருக்கும், ஆனால் எக்செலை டேட்டாபேஸோடு இணைக்கும் ஓடிபிசியும் இணையும்போது அதை வாசிக்கும், அதனால் வார்ப்பை வைத்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. எச்சரிக்கைச் செய்தியில் யூடிசியோடு இலங்கை நேரமும் வருகிறது. ஓடிட் பிளகின் குவெரியின் முதல் 1024 பைட்டுகளைத்தான் இயல்பாக எழுதும், முன்னால் நீளமாகக் குப்பையைப் போட்டு நிரப்பினால் முக்கியமான பகுதி வெட்டுப்பட்டுவிடும், ஆகவே அந்த எல்லையை உயர்த்தினோம்.

அப்புறம், பொறியாக ஒரு அட்டவணை. ‘பழைய நோயாளிகள்’ என்ற பொருளில் பெயர் வைத்து, கற்பனைப் பெயர்களால் நிரப்பி, எக்செல் கணக்குக்கும் தளக் கணக்குக்கும் தெரியும்படி விட்டிருக்கிறோம். எந்த வேலைக்கும் அது தேவையில்லை. பேக்கப் தவிர வேறு எவர் அதை வாசித்தாலும் உடனே போன் அடிக்கும். உண்மையான அட்டவணைக்குள் ஒரு பொய் நோயாளியைப் போடலாமே என்று குழுவில் கேட்டார்கள். மரியாடிபியில் செலக்ட்டுக்கு டிரிகர், அதாவது தானாக ஓடும் கட்டளை, கிடையாது, ஓடிட் லொக்கிலோ திரும்பிப் போன வரிகள் இல்லை, பொய் நோயாளியின் வரி போனதா என்று அறிய வழியில்லை. அட்டவணை என்றால் பெயர் குவெரியிலேயே வந்துவிடும்.

லொக் மெசினையும் பூட்டினோம். குவெரி வாசகத்துக்குள் நோயாளியின் பெயரும் போனும் கிடக்கும் என்பதால் லொக்கும் நோயாளித் தரவுதான், அதைப் பார்க்கக்கூடியவர்கள் இப்போது மிகச் சிலர்.

எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது டொக்டரோடு நடந்த கதை, அவர்தான் உரிமையாளர். “வெளியில தெரிஞ்சா ஆக்கள் வரமாட்டினம்” என்றார், அது நியாயமான பயம்தான். அவருக்கு முன்னால் 3,000 பேரின் கதையை வைத்தோம். ஆய்வுகூடத்தின் பெயரைச் சொல்லி, அடையாள அட்டை இலக்கத்தையும் சரியாகச் சொல்லி ஒருவர் எடுத்தால், தனியே இருக்கும் ஒரு வயதான அம்மா போனுக்கு வரும் ஓடிபியைக் கொடுத்துவிடுவார். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைச் சிறப்பு வகையாகக் கருதுகிறது என்பதையும், அனுமதியில்லாமல் உள்ளே வருவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்கீழ் வரும் என்பதையும் சொன்னோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: “எஸ்எம்எஸ்ஸில என்னெண்டு எழுதுறது?”

தமிழில், சுற்றிவளைக்காமல் எழுதினோம். என்ன போனது, என்ன போகவில்லை, எங்கள் பெயரைச் சொல்லி யாராவது ஓடிபியோ வங்கி விபரமோ கேட்டால் கொடுக்காதீர்கள், கேள்வி இருந்தால் இந்த இலக்கத்துக்கு எடுங்கள். போன் எடுத்தவர்களில் அதிகம் பேர் கேட்டது தங்கள் ரிப்போட்டை வேறு யாரும் பார்த்தார்களா என்று. பரிசோதனை முடிவுகளுக்கான மூன்று முயற்சிகளும் மறுக்கப்பட்டதை லொக்கில் கண்டிருந்தபடியால் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. முறைப்பாட்டோடு, கணினிப் பாதுகாப்புக்கான அமைப்பான இலங்கை சேர்ட்டுக்கும் லொக் பிரதிகளைக் கொடுத்தோம், பிரதியெடுத்த அன்றே ஒவ்வொரு கோப்புக்கும் ஹாஷ் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்) எடுத்து எழுதி வைத்திருந்தோம்.

பில்லிங் கணக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. எல்லாக் கிளைகளும் ஒரே கணக்கைப் பாவித்ததால் எந்தக் கிளையில் யார் கேட்டார் என்று லொக்கில் பிரித்துப் பார்க்க முடியாமல் இருந்தது. சுன்னாகத்துக்கும் பருத்தித்துறைக்கும் தனித்தனிக் கணக்குகள் கொடுத்தாயிற்று. சாவகச்சேரியில் ஓடும் பழைய பில்லிங் பதிப்பில் கணக்கின் பெயர் மென்பொருளுக்குள்ளேயே பதிந்திருக்கிறது, அதை எழுதியவர்கள் புதிய பதிப்பைத் தரும்வரை அந்தக் கிளையின் குவெரிகளை மட்டும் ஒவ்வொரு நாள் காலையும் ஒருவர் கையால் பார்க்கிறார்.